குன்றின்மேல் இரண்டு கோபுரங்கள்

என் நாவல் ஒன்றில் ஒரு மாதா கோவில் கோபுரம் வருகிறது. கதாநாயகன் அதன் நிழலில் நின்றுதான் தன் வாழ்க்கையின் பெரிய முடிவைச் செய்கிறான். 'ஐந்நூறு ஆண்டுப் பழமை வாய்ந்த அந்தக் கோதிக் கோபுரம் கருங்கல்லில் செதுக்கிய கனவைப்போல் வானளாவி நின்றது' என்று எழுதியிருந்தேன். எழுதிய அன்று அந்த வாக்கியத்தை நானே நாலைந்து தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டேன். நாவல் தொடராக வந்தபோது பாராட்டிக் கடிதங்கள்கூட வந்தன.

எங்கள் தர்மபுரியில், பென்னாகரம் சாலையோரம், ஒரு கல்தச்சர் பட்டறை வைத்திருக்கிறார். ஆட்டுக்கல், அம்மி, சின்னச் சின்னப் பிள்ளையார், எல்லைக்கல் என்று வந்த வேலையைச் செய்துகொடுப்பவர். எழுபதைத் தாண்டிய வயது. எழுதப் படிக்கத் தெரியாது. பேரன் படித்துக் காட்டக் கேட்பார். ஒரு நாள் மாலை நான் அந்த வழியாகப் போகும்போது உளியைக் கீழே வைத்துவிட்டுக் கூப்பிட்டார்.

"தம்பி, கதை நல்லாத்தான் இருக்குது. அந்தக் கோபுரம் கருங்கல்லுன்னு எழுதியிருக்கீங்களே, அது எந்த ஊருக் கல்லு? நேர்ல பாத்தீங்களா?"

"பார்த்திருக்கிறேன் ஐயா" என்றேன். பொய்தான். வீட்டுக்கு வருவதற்குள் அந்தப் பொய் உறுத்த ஆரம்பித்துவிட்டது.

நான் பார்த்தது சென்னை சாந்தோம் தேவாலயம். அதைத்தான் இடம் மாற்றி, பெயர் மாற்றி, ஐந்நூறு வயதும் கொடுத்து நாவலில் நிறுத்தியிருந்தேன். வானைக் குத்தும் வெள்ளைக் கூம்பு, கூர்ந்த ஜன்னல்கள் எல்லாம் கோதிக் பாணிதான். ஆனால் அது எழும்பியது 1896ஆம் ஆண்டில். அங்கே போர்த்துகீசியர் 1523இல் கட்டிய பழைய கோவில் ஒன்று இருந்தது; அதை இடித்துவிட்டுத்தான் இந்தப் 'பழைய' கோபுரத்தைக் கட்டினார்கள். திருச்சித் தெப்பக்குளத்தருகே நிற்கும் லூர்து மாதா கோவிலும் அதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிள்ளைதான். இங்கிலாந்திலும் பிரான்சிலும் பழைய பாணிமேல் திடீரென்று மோகம் பிறந்த காலத்தில், அந்த மோகம் கப்பலேறி நம் ஊருக்கும் வந்தது. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு இதெல்லாம் அப்போது தெரியாது.

அசல் கோதிக் எது என்பதைப் பிற்பாடு தேடிப் படித்தேன். பாரிஸ் நகரத்துக்கு வெளியே சேன் தெனி என்ற மடத்தின் கோவிலை சூழே என்ற மடாதிபதி புதுப்பித்தார். அதன் கருவறைப் பகுதி 1144இல் மந்திரிக்கப்பட்டது. கோதிக்கின் பிறப்பை அங்கேதான் சொல்கிறார்கள். நம் நாட்டில் அப்போது இரண்டாம் குலோத்துங்க சோழன் ஆண்டுகொண்டிருந்தான். கோதிக் என்ற பெயரே ஒரு வசவு. பிற்காலத்து இத்தாலியர்கள், 'இது கோத்தர் என்னும் காட்டுமிராண்டிகளின் வேலை' என்று ஏளனமாக வைத்த பெயர். கோத்தர்களுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வசவு மறைந்து பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அதன் சூட்சுமம் எளிது. நம் கோவில் மண்டபத்தில் தூண் நிற்கிறது, தூணின்மேல் உத்தரம், உத்தரத்தின்மேல் பலகைக்கல். பாரம் நேராகக் கீழே இறங்குகிறது. ஆனால் ஒரு பலகைக்கல் எட்டும் தூரத்துக்குமேல் தூண்களைத் தள்ளி வைக்க முடியாது. அதனால்தான் நம் மண்டபங்கள் தூண் காடுகளாக இருக்கின்றன. கோதிக் கொத்தன் குடையைப் பார்த்தான். குடைக்குக் கம்பி இருந்தால் போதும், துணி மெல்லியதாக இருக்கலாம் அல்லவா? அவன் கல்லாலேயே விலா எலும்புகளைப்போல் வளைவுகளைக் குறுக்கும் நெடுக்குமாக எழுப்பி, நடு உச்சியில் ஒரு கல்லை வைத்துப் பூட்டினான். இடைவெளிகளை இலேசான கல்லால் மூடினான். பாரம் முழுவதும் விலாக்கள் வழியாக நாலு மூலைகளுக்கும் ஓடிவிடுகிறது. சுவருக்கு வேலை குறைந்துவிட்டதால் அதில் பெரிய ஜன்னல் திறக்கலாம். வளைவை அரைவட்டமாக விடாமல் உச்சியில் கூராக்கினால் பக்கவாட்டில் தள்ளும் வேகமும் குறைகிறது. மிச்சமிருக்கும் தள்ளலுக்கு வெளியே முட்டுச் சுவர். இவ்வளவுதான் கோதிக். மற்றதெல்லாம் அலங்காரம்.

இந்தப் பாணி உயிரோடு இருந்த காலத்திலேயே கட்டியது இந்தியாவில் எங்காவது இருக்கிறதா என்று பார்த்தால், விடை கோவாவுக்குப் போகிறது. பழைய கோவா நகரத்தின் மேற்கோரத்துக் குன்றின்மேல் ஜெபமாலை மாதா கோவில் என்று ஒன்று இருக்கிறது. 1540களில் கட்டியது. போர்ச்சுகலில் மனுவேல் ராஜா ஆண்ட காலத்தில் (1495 முதல் 1521 வரை) அங்கே கோதிக்கின் கடைசிக் கொழுந்து ஒன்று துளிர்த்தது. கடலில் பிழைத்த ஜனங்களாகையால் கல்லில் கப்பல் வடங்களைச் செதுக்கி வைத்தார்கள். அந்த ராஜாவின் பெயராலேயே அதை மனுவேலியப் பாணி என்கிறார்கள். சரித்திரக்காரர்கள், 1540 என்றால் இடைக்காலம் முடிந்துவிட்டது என்று சொல்வார்கள். முடிந்திருக்கலாம். லிஸ்பனில் பழைய வேலையைக் கற்றுக்கொண்டு கப்பலேறிய கொத்தனின் கைக்கு அது தெரிந்திருக்குமா?

ஐப்பசியில் புறப்பட்டேன். பெங்களூர் போய் அங்கிருந்து இரவு பஸ். விடியும்போது மேற்குத் தொடர்ச்சி மலை இறங்கிக்கொண்டிருந்தது. கருங்கல் குன்றுகளையே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த மண்ணின் சிவப்பு ஆச்சரியமாக இருந்தது. வெட்டிய கரையெல்லாம் செங்காவி, சுவரெல்லாம் செங்காவி, அதன்மேல் மழைக்காலத்துப் பாசி. பழைய கோவா இப்போது ஒரு நகரம் அல்ல. பனாஜியிலிருந்து ஒன்பது பத்து கிலோமீட்டர் தூரத்தில், புல்வெளிகளுக்கும் தென்னைகளுக்கும் நடுவே பிரம்மாண்டமான கோவில்கள் சில நிற்கின்றன, நகரத்தைக் காணோம். காய்ச்சலும் காலராவும் ஜனங்களை விரட்டின. 1695இல் வைசிராய் குடி பெயர்ந்தார். 1843இல் தலைநகரமே பனாஜிக்குப் போய்விட்டது.

எல்லாரும் போகிற சவேரியார் கோவிலுக்கு நான் முதலில் போகவில்லை. மேற்கே குன்றேறினேன்.

ஜெபமாலை மாதா கோவிலைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுதிய 'வானளாவும் கனவு' அங்கே இல்லை. குட்டையான, உருண்டையான, சுண்ணாம்பு பூசிய கோபுரங்கள். கோவில் என்பதைவிடக் கோட்டை என்றே சொல்லலாம். ஜன்னல்களைக் கூரைக்கு அருகே உயரத்தில் வைத்திருக்கிறார்கள், எதிரி ஏறிவிடக் கூடாது என்பதைப்போல. கிட்டே போனால்தான் விஷயம் தெரிகிறது. சுவரைச் சுற்றிக் கல்லாலேயே ஒரு முறுக்கு வடம் ஓடுகிறது. முகமண்டபத்தில் நுழைந்து அண்ணாந்து பார்த்தேன். தலைக்குமேல் விலா வளைவுகள் பின்னிக் கிடந்தன! பிரான்சில் பிறந்த அந்தக் குடைக் கம்பிகள் நானூறு வருஷம் பயணம் செய்து மாண்டோவி நதிக்கரைக்கு வந்து இளைப்பாறிய இடம் அது. கழுத்து வலிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் குன்றுக்கு ஒரு கதை உண்டு. பீஜப்பூர் அடில்ஷாவிடமிருந்து கோவாவை அல்புகர்க் 1510ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிடித்தான்; மே மாதம் பறிகொடுத்தான்; நவம்பர் 25ஆம் தேதி மறுபடியும் பிடித்தான். அன்றைய சண்டையை இந்தக் குன்றின்மேல் நின்றுதான் அவன் நடத்தினான் என்று சுவரில் ஒரு கல்வெட்டுச் சொல்கிறது. வெற்றிக்கு நேர்ந்துகொண்ட கோவில் இது என்பது வழக்கு. கல்வெட்டு சொல்லாததும் ஒன்று உண்டு. சண்டை முடிந்த பிறகு நகரத்து முஸ்லிம்களை, ஆண் பெண் குழந்தை என்று பாராமல், நாட்கணக்கில் கொன்றார்கள். யாரோ எதிரிகள் கட்டிய கதை அல்ல. தன் ராஜாவுக்கு எழுதிய கடிதத்தில் அல்புகர்க்கே பெருமையோடு எழுதியிருக்கிறான்.

ஹம்பியில் கிருஷ்ணதேவராயர் பட்டத்துக்கு வந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அரபு நாட்டுக் குதிரைகள் கோவாத் துறையில் இறங்கித்தான் விஜயநகரத்துக்குப் போகவேண்டும். துறைமுகம் யார் கையில் இருக்கிறதோ அவனிடம் நயமாகப் பேசுவதே ராஜதந்திரம். எங்கள் தர்மபுரிச் சீமையும் அந்த ராயருடைய ஆட்சிக்குள்தான் இருந்தது. இந்தக் குன்றின்மேல் நடந்தது எங்களுக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்று தள்ளிவிட முடியவில்லை.

இன்னொரு கணக்கும் மனத்தில் ஓடியது. கோவாத் தீவிலிருந்த இந்துக் கோவில்களை இடித்தது 1540இல். இந்த விலா வளைவுகள் எழும்பியது அதை அடுத்த சில வருஷங்களில். 1560களில் மங்கேசியையும் சாந்தாதுர்க்கையையும் ஜனங்கள் தூக்கிக்கொண்டு போர்த்துகீசியர் எல்லைக்கு வெளியே போண்டாப் பக்கம் போய்விட்டார்கள். இன்றும் அந்தத் தெய்வங்கள் அங்கேதான் இருக்கின்றன. அழகான வேலையை அண்ணாந்து பார்க்கும்போது இதையும் நினைக்கத்தான் வேண்டியிருக்கிறது. நினைத்தேன், ஆனாலும் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

உள்ளே ஒரு சமாதிக் கல் இருக்கிறது. கவர்னர் கார்சியா த ஸாவின் மனைவி கத்தரீனாவுடையது. கோவாவுக்கு வந்த முதல் போர்த்துகீசியப் பெண் அவள்தான் என்பது அங்குள்ள ஐதீகம். அவளை அவர் பல காலம் முறையாக மணந்துகொள்ளாமலே வைத்திருந்தார் என்றும், அவள் மரணப்படுக்கையில் கிடந்தபோது பிரான்சிஸ் சவேரியார்தான் பிடித்து வைத்துத் திருமணம் செய்வித்தார் என்றும் சொல்கிறார்கள். அந்தச் சமாதியின் சலவைக்கல் வேலையைப் பார்க்கவேண்டும்! கொடியும் பூவும் குஜராத்துப் பாணி. எழுத்து போர்த்துகீசியம், கை நம் நாட்டுக் கை. நாவலாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் ஒரு கோபுரத்தைப்பற்றி எழுதிவிட்டுப் படுகிற பாடு நினைவுக்கு வந்ததால் நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

வெளியே வந்து கிழக்கே திரும்பினால் அதே குன்றின்மேல் இன்னொரு கோபுரம். இது உண்மையிலேயே வானளாவுகிறது. 46 மீட்டர், அதாவது 150 அடி. ஆனால் பாதிதான் இருக்கிறது. ஒரு பக்கம் முழுவதும் பிய்ந்துபோய், செந்நிறச் சதையைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அகுஸ்தீனார் சபைத் துறவிகள் 1602 வாக்கில் கட்டி முடித்த பெரிய கோவிலின் மணிக் கோபுரம் இது. கோதிக் அல்ல; காலம் மாறிவிட்டது, பாணியும் மாறிவிட்டது. அண்டை வீட்டுக் கிழவனைவிட ஐம்பது வருஷம் இளையவன். மூன்று பங்கு உயரமிருக்கும் என்று தோன்றிற்று. விழுந்தது இவன்தான்.

அந்தக் கதை சுருக்கமானது. போர்ச்சுகல் சர்க்கார் 1834இல் துறவி மடங்களைக் கலைத்தது. மறு வருஷம் கோவாவிலும் உத்தரவு வந்தது. துறவிகள் போய்விட்டார்கள். 1842இல் கோவிலின் வளைகூரை இடிந்து விழுந்தது. ஏழே வருஷம்! இருநூறு வருஷத்துக்கு மேல் நின்ற கூரை, ஆள் இல்லாத ஏழு மழைக்காலத்தைத் தாங்கவில்லை. 1931இல் முகப்பும் கோபுரத்தின் பாதியும் விழுந்தன. மணி மட்டும் முன்பே தப்பித்துக்கொண்டது. அகுவாதா கோட்டைக் கலங்கரை விளக்கத்தில் முப்பது வருஷம் ஊழியம் பார்த்துவிட்டு, 1871 முதல் பனாஜி மாதா கோவிலில் அடித்துக்கொண்டிருக்கிறது.

இடிபாடுகளுக்குள் நடந்து பார்த்தேன். தரையெல்லாம் கல்லறைப் பலகைகள். ஜார்ஜியா நாட்டு ராணி கெத்தவான் என்பவளை மதம் மாற மறுத்ததற்காக 1624இல் பாரசீகத்தில் சித்திரவதை செய்து கொன்றார்கள். அவள் எலும்புகளில் கொஞ்சத்தை இந்தத் துறவிகள் கோவாவுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். தொல்பொருள் இலாகாவினர் தோண்டித் தேடி 2004இல் எலும்பைக் கண்டெடுத்தார்கள். ஹைதராபாத் விஞ்ஞானிகள் மரபணுவைச் சோதித்துப் பார்த்தார்கள். 2021இல் அது ஜார்ஜியாவுக்கே திரும்பிப் போயிற்று. கூரை விழுந்து, முகப்பு விழுந்து, கோபுரம் பிளந்த பிறகும் அந்தக் கையளவு எலும்பு மண்ணுக்குள் பத்திரமாகக் காத்திருந்திருக்கிறது.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். ஒரே குன்று, ஒரே மழை. சின்னக் கோபுரம் நிற்கிறது, பெரிய கோபுரம் விழுகிறது. ஏன்? கட்டினவர்கள் திறமை குறைந்தவர்களா? கீழே இறங்கினால் ஸே தேவாலயத்திலும் இதே கதை. இரட்டைக் கோபுரத்தோடு கட்டிய கோவில் அது; 1776இல் ஒன்று விழுந்துவிட்டது; திரும்பக் கட்டவே இல்லை. ஒற்றைக் கோபுரத்தோடு, ஒரு கை இழந்த மனிதனைப்போல் நிற்கிறது. எதிரே சவேரியார் உடல் இருக்கிற போம் ஜேசு கோவில் செக்கச்செவேல் என்று இருந்தது. மற்றதெல்லாம் வெள்ளை, இது மட்டும் ஏன் சிவப்பு என்று அங்கிருந்த காவலரைக் கேட்டேன். 1950களில் போர்த்துகீசியச் சர்க்கார் பழமை தெரியட்டும் என்று மேல்பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டது என்றார். கல் அரிக்கிறது, மறுபடி பூசவேண்டும் என்று ஒரு கட்சியும், கூடவே கூடாது, சிவப்புதான் அழகு என்று ஒரு கட்சியும் இன்றைக்கும் வாதாடுகின்றனவாம்.

ஊர் திரும்பிய மறுநாள் பட்டறைக்குப் போனேன். முதலில் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். கல்தச்சர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இப்பப் பாத்துட்டு வந்தீங்களா? என்ன கல்லு?"

"செம்புறாங்கல் ஐயா."

அவர் சிரித்துவிட்டார். "கண்ணூர்ப் பக்கம் ரெண்டு வருசம் அந்தக் கல்லு வேலை பாத்திருக்கேன். பூமிக்குள்ள இருக்கையில ஈரமா இருக்கும். கோடாலி போட்டாக்கூட வெட்டும். காத்துப் பட்டா இறுகிடும். ஆனா உடம்பெல்லாம் ஓட்டை. தண்ணி குடிக்கிற கல்லு, தம்பி. நம்ம கருங்கல்லு மாதிரி நனைஞ்சிட்டு சும்மா நிக்காது. மேலே சுண்ணாம்புச் சட்டை போட்டு வைக்கணும். ஒவ்வொரு மழை முடிஞ்சதும் எங்க விட்டிருக்குதுன்னு பாத்துத் திரும்ப அடிக்கணும். ஒரு பத்து வருசம் விட்டுட்டா, உச்சியில ஒரு அரசங்கன்னு மொளைச்சா, அவ்வளவுதான்."

நான் குன்றின்மேல் கேட்டுக்கொண்ட கேள்விக்கு, குன்றையே பார்க்காத மனிதர் பதில் சொல்லிவிட்டார். துறவிகளின் கோவிலில் சாரம் கட்டிச் சுண்ணாம்பு அடிக்க 1835க்குப் பிறகு ஆள் இல்லை. ஜெபமாலை மாதா கோவில் மடம் அல்ல. யாரோ ஒருவர் மழைக்கு மழை ஏறி அடித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

விலா வளைவுகளைப்பற்றி மண்ணில் கோடு கிழித்துக் காட்டினேன். வெகு நேரம் குந்தி உட்கார்ந்து பார்த்தார். "உச்சிக் கல்லு வெக்கிற வரைக்கும் கீழே மரம் கொடுத்திருப்பான்" என்றார் கடைசியில். "மரத்தை உருவுற அன்னைக்குத்தான் அவனுக்கு உசுரு போயி உசுரு வந்திருக்கும்." பிறகு எங்கள் கோட்டைக் கோவில் மண்டபத்துத் தூணைப்பற்றிப் பேச்சுப் போயிற்று. அடி முழுதும் தரையைத் தொடாமல், கீழே துணியை விட்டு எடுக்கும்படி நிற்கிற தூண் அது. ஊருக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நாங்கள் அதைத்தான் பெருமையாகக் காட்டுவோம். அதியமானின் தகடூர்க் கோட்டையில் காட்டுவதற்கு வேறு என்ன மிச்சம்? கோட்டை போய்விட்டது, 'கோட்டை' என்ற பெயர் கோவிலோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தப் போரைப் பாடிய தகடூர் யாத்திரையில்கூடச் சில பாட்டுக்கள்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

நாவலின் இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போனபோது அந்த வாக்கியத்தை மாற்றினேன். 'கருங்கல்' போயிற்று. 'கனவு' போயிற்று. 'வானளாவி'யும் போயிற்று. 'சுண்ணாம்பு பூசிய செம்புறாங்கல் கோபுரம் குன்றின்மேல் குட்டையாக நின்றது' என்று மட்டும் எழுதினேன். புத்தகம் வந்ததும் ஒரு பிரதியைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பேரன் அந்தப் பக்கத்தைப் படித்தான்.

கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார் கல்தச்சர்.

"கல்லு சரிதான். சுண்ணாம்பு அடிக்கிறவன் யாருன்னு எழுதலியே, தம்பி?" என்று சொல்லிவிட்டு உளியை எடுத்துக்கொண்டார்.